ரேஸ் சைக்கிள்தான் வேண்டும் என்கிற வயது

பதினைந்து வயதுப் பிள்ளை சைக்கிள் பார்க்கப் போனால் கண் முதலில் போவது ஹேண்டில்பாருக்குத்தான். அது ஆட்டுக்கொம்பு போலக் கீழே வளைந்திருக்க வேண்டும். டயர் இரண்டு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது. மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் கனத்த சைக்கிளை, இருபது வருடம் உழைக்கும் என்று பெரியவர்கள் தட்டிக் காட்டும் சைக்கிளை, அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. வீட்டில் வாக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு தரப்பும் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்பதைப் பாகம் பாகமாகப் பார்த்துவிட்டால் சண்டைக்கு வேலை குறையும்.

முதலில் இளையவர்கள் பக்கத்து நியாயம். குனிந்து ஓட்டினால் வேகம் வரும் என்பது முழு உண்மை. சமதரையில் மணிக்கு 15 கி.மீ. வரை டயரின் உருளல் தடையும் காற்றும் ஏறக்குறைய சமமாகப் பின்னால் இழுக்கும். அதைத் தாண்டினால் காற்றின் கைதான் ஓங்கும். வேகம் இரட்டித்தால் காற்றைப் பிளக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அந்தக் காற்றில் பெரும்பங்கை வாங்குவது ஓட்டுகிறவரின் உடம்பு. சைக்கிள் வாங்குவது அதில் சிறு பங்குதான். அதனால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார வைக்கும் அகலமான ஹேண்டில்பாரிலிருந்து தோள் அகலத்துக்குள் அடங்கும், குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பாருக்கு மாறினால் வித்தியாசம் முதல் நாளே காலில் தெரியும். சட்டக் குழாயைக் கத்தி போலத் தட்டையாக்கி, ஆழமான ரிம் போட்டு, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வருவதெல்லாம் இதன் முன்னால் மிகச் சின்ன லாபம்.

எடை விஷயத்தில் அவர்களுடைய நம்பிக்கை கொஞ்சம் மிகை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆள் 20 கிலோ சைக்கிளில் ஏறினால் மொத்தம் 80. 10 கிலோ சைக்கிளில் ஏறினால் 70. மேட்டில் ஏறும்போது எட்டில் ஒரு பங்கு சுமை குறைகிறது, அது நல்ல லாபம். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தப் பத்துக் கிலோ ஏறக்குறைய தெரியவே தெரியாது. போட்டிகளில் ஓடும் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதி. கனத்த பழைய பாணி சைக்கிள் 20 கிலோவைத் தொடும். ரேஸ் சைக்கிள் போலத் தோற்றம் காட்டும் மலிவான இரும்புச் சட்டச் சைக்கிளைத் தராசில் வைத்தால் 15, 16 கிலோ காட்டும். வாங்குமுன் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாலே இது புரிந்துவிடும். பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

டயருக்கு வருவோம். மெல்லிய டயர்தான் வேகம் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. போட்டிக்காரர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதை இளையவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். 2000-களில் போட்டிச் சைக்கிளில் 23 மி.மீ. டயர்தான் வழக்கம். அது 25 ஆனது, பிறகு 28 ஆனது. கல் பாவிய பாதைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே போட்டியில் 30, 32 மி.மீ. போடுகிறார்கள். காரணம் எளிது. காற்று கல்லாக இறுகிய மெல்லிய டயர் ஒவ்வொரு சரளைக் கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. முன்னே போகச் செலவாக வேண்டிய பலம் மேலும் கீழும் குதிப்பதில் வீணாகிறது. சற்றுப் பருத்த டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டு போய்விடும். கண்ணாடி போன்ற வழுவழுப்பான ஓடுதளத்தில் மட்டும்தான் மெல்லிய டயருக்கு இன்னும் மரியாதை.

காற்றளவு தவறுவதுதான் மெல்லிய டயரின் பல பஞ்சர்களுக்குக் காரணம். 60 கிலோ ஆளுக்குத் தோராயக் கணக்கு இது: 23 மி.மீ. டயருக்கு 90 முதல் 100 பி.எஸ்.ஐ. (பம்பு மானி காட்டும் காற்றழுத்த அளவு), 25-க்கு 80 முதல் 90, 28-க்கு 65 முதல் 75, 32-க்கு 50 முதல் 60. கனத்த சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 40 முதல் 50 போதும். பின் சக்கரத்தில் முன்னதைவிட ஐந்து கூடுதலாக இருக்கலாம். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே ஏமாற்றும். 60-க்கும் 90-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, மானி உள்ள பம்பு வேண்டும். மெல்லிய டியூபில் காற்றின் கொள்ளளவு குறைவு, அழுத்தம் அதிகம். அதனால் ஒரு வாரத்தில் நன்றாகவே இறங்கிவிடும். கனத்த சைக்கிளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடித்தால் நடக்கும். ரேஸ் சைக்கிளுக்கு வாரம் ஒருமுறையாவது அடித்தே ஆக வேண்டும்.

காற்று குறைந்த மெல்லிய டயர் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதினால் டியூப் ரிமுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். கழற்றிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்ன வெட்டுகள் பக்கம் பக்கமாக, பாம்பு கடித்தது போல இருக்கும். இந்தத் தழும்பைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், பம்பைத் தேடுங்கள். ஒற்றை ஓட்டை என்றால் மட்டும் டயரின் உட்பக்கத்தை விரலாலும் பழந்துணியாலும் சுற்றிலும் தடவ வேண்டும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள்ளோ கண்ணாடிச் சில்லோ நிற்கும். அதை எடுக்காமல் பஞ்சர் ஒட்டினால் அரை மணியில் மறுபடி காற்று இறங்கும். ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிமைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ரிம் டேப் விலகி, கம்பியை ரிமில் பிடித்திருக்கும் நிப்பிளின் தலையோ துளையின் விளிம்போ குத்துகிறது என்று அர்த்தம். டேப்பை மாற்றாமல் அந்தப் பஞ்சர் தீராது.

ஒட்டுவதிலும் ஒரு அவசரம் பலரிடம் இருக்கிறது. உப்புத்தாளால் டியூபை, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக, பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் காய விட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத் துண்டை வைத்தால் அது மேலே மிதந்துகொண்டிருக்கும், 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உரிந்து வந்துவிடும். தொட்டால் பிசுபிசுப்பு அடங்கியிருக்க வேண்டும், அப்போது ஒட்டி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். கனத்த சைக்கிளின் குறைந்த அழுத்தத்தில் தாங்கிய அரைகுறை ஒட்டு, ரேஸ் டியூபில் ஒரு நாள்கூடத் தாங்காது.

வால்வும் வேறு. ரேஸ் டியூபில் வருவது பென்சில் தடிமனுள்ள பிரெஸ்டா. அதன் உச்சியில் உள்ள சின்னப் பித்தளைத் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அமுக்கி விட்டுத்தான் பம்பைப் பொருத்த வேண்டும். பம்பைப் பக்கவாட்டில் ஆட்டி இழுத்தால் அந்தத் தண்டு வளையும் அல்லது உடையும். இந்த வால்வுக்கான ரிம் துளை 6.5 மி.மீ., தடித்த வால்வுக்கான துளை 8.5. பெரிய துளையில் மெல்லிய வால்வைப் போட்டு ஓட்டினால் துளையின் விளிம்பு டியூபை வால்வின் அடியிலேயே அறுத்துவிடும். அந்த இடத்தில் ஒட்டும் போட முடியாது. சின்ன வளையம் ஒன்று கிடைக்கும், அதைப் போட்டால் தீர்ந்தது. டயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பாமல் ஓரத்தில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை, அதாவது டயர் ரிமில் உட்காரும் இடத்தின் விட்டத்தை மி.மீ.-இல் சொல்லும் எண்ணைப் பாருங்கள். ரேஸ் சைக்கிளுக்கு 622, கனத்த 28 அங்குலச் சைக்கிளுக்கு 635. இரண்டையும் வாய்ப்பேச்சில் 28 என்று சொல்லிவிடுவார்கள். 13 மி.மீ. வித்தியாசம், ஒன்று மற்றதில் பொருந்தவே பொருந்தாது.

சக்கரத்தில்தான் இரண்டு வகைச் சைக்கிளும் உண்மையில் பிரிகின்றன. பழைய கனத்த சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. அதில் ஒன்று அறுந்தால் மீதி 39 சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரிம் கொஞ்சம் கோணும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். ரேஸ் சக்கரத்தில் முன்னால் 20, பின்னால் 24 கம்பி. ஒன்று அறுந்தவுடன் அந்த இடத்தில் ரிம் பக்கவாட்டில் வளைந்து பிரேக்கில் உரசும், சில சமயம் சட்டத்திலேயே உரசிச் சக்கரம் நின்றுவிடும்.

கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் துளைக்குள் நுழைந்து வளையும் முழங்கையில்தான் அறும். அறுந்த முனையைக் கையில் வைத்துப் பார்த்தால், ஒரு பகுதி மழுங்கி அழுக்கேறி இருக்கும், மீதி புதிதாக வெட்டியதுபோல் மின்னும். அழுக்கேறிய பகுதி பல வாரமாக விரிசல் விட்ட இடம், மின்னுகிற பகுதி கடைசி நிமிடத்தில் முறிந்தது. அதிகச் சுமை ஒரே நாளில் உடைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து களைத்துப்போகிறது. பின் சக்கரத்தில் வலப்பக்கம் பல்சக்கரங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலக் கம்பிகள் செங்குத்தாகவும் மிக இறுக்கமாகவும் நிற்கும். இடக் கம்பிகளுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல்தான் இறுக்கம். இப்படி ஒரு பக்கம் எப்போதும் தளர்ச்சியாக இருப்பதால்தான் புதுச் சக்கரத்தைக்கூட ஓரிரு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்குக் கருவி வேண்டாம், காது போதும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. கோட்டம் எடுக்கும்போது ரிம் வலது பக்கம் விலகும் இடத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அங்கே இடப்பக்க ஹப்பிலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, பக்கத்து வலக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒரே தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். கீழே இருந்து பார்த்துத் திருப்புகிறவர்கள் இதில் குழம்பி, கோட்டத்தை இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள். சாவியின் அளவும் முக்கியம். 3.23 மி.மீ. நிப்பிளில் 3.45 சாவியைப் போட்டுத் திருகினால் மூலைகள் மழுங்கி, பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

வழியில் கம்பி அறுந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் கியருக்குள் போய் மாட்டும். வலக் கம்பி அறுந்தால் ரிம் இடப்பக்கம் சாயும். அறுந்ததற்கு இருபுறமும் உள்ள இடக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ரிம் ஓரளவு நடுவுக்கு வரும். பிரேக்கின் தளர்த்தும் நெம்பைத் திறந்துவிட்டு மெதுவாக வீடு சேருங்கள், அந்தப் பிரேக் பாதிதான் பிடிக்கும் என்ற நினைப்போடு.

வலப்பக்கமாகச் சைக்கிள் சாய்ந்து விழுவது இளையவர்கள் கையில் அன்றாடம் நடக்கிறது. ஸ்டாண்டு வேண்டாம் என்று வாங்கியது, சுவரில் சாய்த்து வைத்தது, சரிந்து விழுந்தது. எடுத்து நிறுத்தித் தூசியைத் தட்டிவிட்டு ஏறிவிடுவார்கள். ரேஸ் சைக்கிளில் ஏற்படும் மிகப் பெரிய சேதத்தின் தொடக்கம் இதுதான். பின் கியர் மாற்றி தொங்கும் ஹேங்கரை வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள், சட்டம் வளைவதற்குப் பதில் அது வளையட்டும் என்று. வளைந்த ஹேங்கர் மாற்றியைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து மேடு வரும். மிகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை இறக்குவார்கள். மாற்றி கம்பிகளுக்குள் புகும், சக்கரம் அதை இழுத்துச் சுருட்டும். ஒரே நொடியில் மாற்றியும் ஹேங்கரும் ஐந்தாறு கம்பிகளும் போய்விடும். அதிலும் மேட்டில், எழுந்து நின்று மிதிக்கும்போது.

அதனால் விழுந்து எழுந்த சைக்கிளை முதலில் பின்னாலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். மாற்றியில் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில், பின் பல்சக்கரங்களுக்கு இணையாக நிற்கிறதா? கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தும் வரை மிகப் பெரிய இரண்டு பற்களுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஹேங்கர் வேறு வடிவம், எனவே சைக்கிள் வாங்கும்போதே உபரியாக ஒன்று வாங்கி வைப்பது நல்ல பழக்கம். நிறுத்தும்போது இடப்பக்கம் சாய்த்து நிறுத்துவது அதைவிட நல்ல பழக்கம்.

ஹேங்கர் நேராக இருந்தால் மீதி வேலையைச் செய்வது மாற்றி எதுவரை நகரலாம் என்று எல்லை வைக்கும் எச், எல் என்ற இரண்டு திருகுகள். செயினை மிகச் சிறிய பல்லில் வைத்து, மேல் குட்டிச் சக்கரம் அதற்கு நேர் கீழே நிற்கும்படி எச் திருகை வையுங்கள். பிறகு மிகப் பெரிய பல்லுக்கு ஏற்றி, மாற்றியைக் கையால் கம்பிகளை நோக்கித் தள்ளிப் பாருங்கள். பல்லைத் தாண்டி உள்ளே போனால் எல் திருகை இறுக்குங்கள். இதற்குப் பிறகுதான் கேபிளின் இறுக்கம். கியர் சரியாக ஏறவில்லை என்றால் பலர் முதலில் இந்தத் திருகுகளில் கைவைக்கிறார்கள். புதுக் கேபிள் முதல் சில வாரத்தில் தளர்வது இயல்பு. கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கியர் எண்ணிக்கை இன்னொரு மயக்கம். 21 என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள். வேண்டியது எண்ணிக்கையைவிட வீச்சு, அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் போகும் தூரம். ஒற்றைக் கியர் கனத்த சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 5.5 மீட்டர் போகும். ரேஸ் சைக்கிளில் 50-க்கு 11 போட்டால் ஒரு சுற்றுக்கு 9.5 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் அது மணிக்கு 51 கி.மீ. வேகம். சமதரையில் அதைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய பள்ளி மாணவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கியரில்தான் 40 சுற்றில் அழுத்தி அழுத்தி மிதிப்பார்கள், கனமாக இருந்தால் வேகம் என்ற நம்பிக்கையில். முழங்கால் வலி அங்கே தொடங்குகிறது. சமதரையில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுச் சுலபமாகச் சுற்ற வரும் பல்லைத் தேர்ந்தெடுக்கப் பழக்குங்கள். அதே சைக்கிளில் 34-க்கு 28 போட்டால் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர், மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறலாம். வாங்கும்போது அந்தக் கீழ்க் கியர் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

இனி, ரேஸ் வேடம் போட்ட சைக்கிள். இளையவர்கள் விரும்புவதை அறிந்து, வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யப்படுபவை இவை. உண்மையான ரேஸ் சைக்கிளின் லேசும் இல்லை, கனத்த சைக்கிளின் உறுதியும் இல்லை. மூன்று இடத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்று, பின் கியர் மாற்றி சட்டத்தில் நேரடியாகப் பொருந்தாமல், ஆக்ஸில் நட்டுக்கு அடியில் செருகிய ஒரு தகட்டில் தொங்கும். இரண்டு, பின் ஹப். பல்சக்கரங்கள் முழுக் கட்டாகத் திருகி ஏறும் ஃப்ரீவீல் வகையில் வலப்பக்க பேரிங் நட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும். ஏழு பல்சக்கரம் ஏறும்போது அந்த நீண்ட ஆக்ஸில் முனைக்கு ஆதரவு இல்லாமல் போய், பள்ளங்களில் வளையும், ஒரு நாள் முறியும். பல்சக்கரங்கள் திருகி ஏறாமல் ஹப்பின் மேல் செருகி ஏறும் கேசட் வகை ஹப்பில் பேரிங் சட்டத்துக்கு அருகிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பின் சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலை விரலால் சுழற்றிப் பாருங்கள், முனை வட்டமடித்து ஆடினால் வளைந்துவிட்டது. மூன்று, வளைந்த ஹேண்டில்பாரின் நடுப்பகுதியில் கூடுதலாகப் பொருத்திய இரண்டாவது பிரேக் நெம்பு. 1970-களில் அமெரிக்காவில் பத்துக் கியர் சைக்கிள் மோகம் பரவியபோது இது பிரபலமானது. 1973-இல் மட்டும் அங்கே ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வளைவின் கீழே கை வைத்து ஓட்டவே இல்லை, மேலே பிடித்தபடியே பிரேக் வேண்டும் என்றார்கள். முக்கிய நெம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் இந்த நீட்டல் நெம்பு வளைந்துகொடுக்கும், இழுப்பின் தூரத்தையும் தின்றுவிடும். அவசரத்தில் ஹேண்டில்பாரைத் தொட்டு நின்றுவிடும், சைக்கிள் நிற்காது. இருந்தால் கழற்றிவிடுங்கள். கேபிளின் நடுவில் தனியாகப் பொருந்தும் இடைநெம்பு வேறு வகை, அது நன்றாகவே பிடிக்கும்.

கனத்த சைக்கிளைப் புகழ்கிறவர்களும் கேட்க வேண்டியது இருக்கிறது. குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் ரப்பர் பிரேக் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் பயப்படும் அளவுக்கு நீளும். அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். உறுதியான சைக்கிள் என்றால் பாதுகாப்பான சைக்கிள் என்று பொருள் கொள்ளக் கூடாது. பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக் என்று கேட்கும் சத்தமும் பெரும்பாலும் இந்தச் சைக்கிள்களில்தான். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். நட்டை இறுக்கிப் பயனில்லை. கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இருத்திய பிறகுதான் நட்டு. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுவதையும் உள்ளே இருக்கும் குண்டுகளும் கப்பும் வாங்கிக் குழி விழும்.

அதே சமயம், கனத்த சைக்கிள் மந்தமாக ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்லும் புகாரில் பாதி சைக்கிளின் குற்றமில்லை. காற்று 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருக்கும், பிரேக் கட்டை உரசிக்கொண்டிருக்கும், சீட்டு முழங்கால் மடங்கும் உயரத்தில் இருக்கும். சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றி விடுங்கள். குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனைச் சரியாக வைத்த ஹப் என்றால் சக்கரம் நிற்கப்போகும் நேரத்தில் ஒரு பக்கத்து எடையால் கீழிறங்கி, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி அடங்கும். சட்டென்று நின்றால் கோன் இறுக்கம் அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு பத்து, பின் ஹப்பில் 1/4 அங்குலக் குண்டு ஒன்பது என்பது வழக்கமான கணக்கு. கழுவி, புதுக் குண்டும் கிரீஸும் போட்டு, சீட்டை ஏற்றி, காற்று அடித்துக் கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அது வேறு சைக்கிளாகத் தெரியும்.

சீட்டு உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேல்நோக்கி இறுக வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளவெடுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை வேண்டிய நீளம் வரும். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69. சீட்டுக் குழாயில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. அவ்வளவு ஏற்ற வேண்டியிருந்தால் சட்டமே சின்னது. வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிய சட்டம் வாங்குவது ரேஸ் சைக்கிளில் தப்பு. கனத்த சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்வதால் சமாளித்துவிடலாம். இங்கே ஹேண்டில்பார் எட்டாமல் முதுகையும் கையையும் நீட்டியே ஓட்டுவார்கள், பதினைந்து நிமிடத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றி நேராக நின்றால் சட்டத்தின் மேல் பார் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடம் வேண்டும். ஹேண்டில்பாரை முதலில் சீட்டின் உயரத்திலேயே வைத்து, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டராக இறக்கிக்கொள்ளலாம். சின்னச் சட்டத்தில் பெரிய சக்கரம் இருந்தால் மெதுவாகத் திரும்பும்போது பாதத்தின் நுனி முன் டயரில் இடிக்கும். கடையிலேயே ஹேண்டிலைத் திருப்பி, பெடலை முன்னால் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு இளையவருக்கு எங்கள் பரிந்துரை இது: வளைந்த ஹேண்டில்பார் இருக்கட்டும், அது நியாயமான ஆசை. சட்டத்தில் 32 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கட்டும். முன்னும் பின்னும் 32 கம்பிக்குக் குறையாத சக்கரம், கேசட் வகை ஹப், கழற்றி மாற்றக்கூடிய ஹேங்கர், மட்கார்டும் கேரியரும் பொருத்தத் திருகுத் துளைகள். மட்கார்டை இப்போது போட வேண்டாம் என்றால் வேண்டாம், துளை இருந்தால் போதும், மழையில் இரண்டு முறை முதுகு நனைந்தபின் அவர்களே கேட்பார்கள். எடை 11, 12 கிலோ இருந்தால் கவலை இல்லை. கார்பன் சட்டத்தை இந்த வயதுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஓட்டத்துக்கு அது நல்ல பொருள்தான், ஆனால் அடிபட்டால் வெளியே ஒரு கீறல் மட்டும் காட்டி உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். சீட்டுப் பிடியை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் கைப்போக்கில் இறுக்கினாலே நசுங்கும்.

பழைய ரேஸ் சைக்கிள் வாங்குவதாக இருந்தால் முதலில் முன் சட்டத்தின் அடிக்குழாய் கழுத்தில் சேரும் இடத்தை, அடிப்பக்கமாக விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியோ லேசாக மேடு தட்டியோ இருந்தால் எதிலோ நேராக மோதிய சைக்கிள், விட்டுவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் ரிமின் பக்கத்தில் ஒரு நேரான அளவுகோலை வையுங்கள், நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்து முடிந்தது. முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழுத்தில் டொக் என்றால் இறுக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள், நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் மாற்ற வேண்டும். செயினில் 12 அங்குலத்துக்கு 12 முழுக் கண்ணி இருக்க வேண்டும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம், 1/8 நீண்டிருந்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

புதுச் சைக்கிள் என்றால் முதல் 100 கி.மீ. ஓடியதும் நான்கு இடம் பார்க்க வேண்டும்: கம்பிகளின் சுருதி, கியர் கேபிளின் தளர்வு, கிராங்க் போல்ட்டின் இறுக்கம், முன் சக்கரத்தைக் கருவியில்லாமல் கழற்ற உதவும் விரைவு நெம்பு. அந்த நெம்பைப் பலர் நட்டுப் போலச் சுற்றி இறுக்குகிறார்கள், அது ஓடும்போது கழன்றுவிடும். சக்கரத்திலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும் நிலையில் கை எதிர்ப்பை உணரத் தொடங்க வேண்டும், முழுதும் மடக்கும்போது உள்ளங்கையில் அதன் அச்சு சிவப்பாகப் பதிய வேண்டும். இதைப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒருமுறை செய்ய வையுங்கள்.